தகரத்தின் மேல் விழுந்த தண்ணீர்

ஊரில் எந்த வீட்டில் எந்தக் குழாய் கசிகிறது என்று மீட்டர்காரனைக் கேட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இருபத்தாறு வருடமாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. தெருத் தெருவாகப் போய், இரும்பு மூடியைத் தூக்கி, சிலந்தி வலையை விலக்கி, எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். எண் தாறுமாறாக ஏறியிருந்தால் கதவைத் தட்டி, "எங்கயோ கசியுதுங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவான். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் அவனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. சொல்லாமல் வர அவனால் முடியாது, அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக் கூடத்தில், அவன் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நாற்காலிக்கு நேர் மேலே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓதம் பிடித்திருந்தது.

முதல் வாரம் தட்டு. அடுத்த வாரம் தாம்பாளம். மூன்றாவது வாரம் ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் சுண்ணாம்பு உப்பி, சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. மனைவி நாற்காலியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் ஒரு வாளியை வைத்தாள். "ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நம்ம வீட்டுக்கு ஒருநாள் மீட்டர் பார்த்தா என்ன?" என்று கேட்டாள். அவள் கேலி செய்தாளே தவிர அவளுக்கும் கவலைதான். வாளியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட யாருக்குப் பிடிக்கும்?

மூன்று ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி ஏறினான். கண்ணுக்குத் தெரிந்த விரிசலுக்கெல்லாம் சிமெண்டு வைத்தான். வெள்ளைப் பூச்சு அடித்தான். தார் கூட ஊற்றிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் மழை விட்டு, வெயில் அடித்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகே ஏறினான். மழை பெய்யும்போது மாடிக்குப் போக அவனுக்கென்ன பைத்தியமா? தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பார்களே, அது அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டான். மேஸ்திரி கூடத்தை அண்ணாந்து பார்த்தார். மாடிக்குப் போய்க் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய், பழைய சுவரும் புது அறையின் சுவரும் சேருகிற இடத்தில் மயிரிழை போல ஒரு கீறலைக் கண்டுபிடித்து, புதையல் கிடைத்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"இதுதாங்க. இந்த ரூமு பழைய சுவரை இழுக்குது. மேல தளம் வாய் பிளந்துருச்சு. எவ்வளவு பூசினாலும் நிக்காது."

"அப்ப என்ன பண்றது?"

"ரூமைப் பிரிச்சு எடுத்துட்டுத்தான் தளத்துல கை வைக்கணும். திங்கக்கிழமை ஆளோட வர்றேன்."

அந்த அறையைக் கட்டியது இதே மேஸ்திரிதான் என்பதை அவர் மறந்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தையும் கட்டிவிட்டு அதையே கோணல் என்கிறார். மீட்டர்காரன் வாய் திறந்து அதைக் கேட்பதற்குள் அறையின் ஜன்னல் மெதுவாக மூடுகிற சத்தம் கேட்டது. உள்ளே அவனுடைய அக்கா இருந்தாள்.

அக்கா அவனைவிட ஆறு வயது மூத்தவள். முப்பத்தைந்து வருடம் தையல்கடை நடத்தியவள். கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. அத்தான் போன பிறகும் ஒற்றை ஆளாகக் கடையை விடாமல் நடத்தினாள். போன வருடம் அந்தக் கட்டடத்தையே இடித்து வேறு கட்டப் போகிறார்கள் என்று காலி பண்ணச் சொன்னபோது, இவன்தான் பிடிவாதமாக, "நீ எங்கயும் அலைய வேண்டாம், வீட்டுக்குப் பின்னாடி இடம் சும்மாதான கிடக்கு" என்று சொல்லி, பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை கட்டினான். மேலே காங்கிரீட் போட வேண்டாம், தகரம் போதும் என்று அக்கா சொல்லிவிட்டாள். எட்டு மாதம் ஆகிறது அவள் வந்து.

அறை கட்டும்போது ஒரே ஒரு சிக்கல் வந்தது. மொட்டை மாடியில் விழுகிற மழைத்தண்ணீர் மொத்தமும் ஒரு மூலையில் சேர்ந்து, நாலு அங்குலக் குழாய் வழியாகப் பின்சுவரில் தரை வரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. அறை வந்ததும் குழாய்க்கு வழி இல்லாமல் போனது. மேஸ்திரி அந்தக் குழாயைத் தகரக் கூரைக்கு ஒரு சாண் மேலே வெட்டி, எல்போ என்கிற வளைவுத் துண்டு ஒன்றை மாட்டி, வாயைத் தகரத்தின் பக்கம் திருப்பி விட்டார். மாடித்தண்ணீர் தகரத்தில் விழும், சரிவில் ஓடும், தகரத்தின் விளிம்பில் மாட்டிய கால்வாய் வழியாகக் கீழே இறங்கிச் சாக்கடைக்குப் போகும். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத ஏற்பாடு.

அக்காவும் ஒரு குறையும் சொன்னதில்லை. அறை எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாருக்குப்பா." மின்விசிறி சத்தம் போடுகிறதா என்றால், "அதெல்லாம் இல்லப்பா." சாப்பாடு, "நல்லாருந்துச்சும்மா." சாப்பிட்ட தட்டை யாரும் கழுவ விடமாட்டாள். டிவி பார்க்க வந்தாலும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள். கடையில் அவளைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அங்கே அவள் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களை மிரட்டியவள்.

"உங்க அக்காவைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்குங்க" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். "எட்டு மாசமா ஒருத்தங்க ஒண்ணுமே சொல்லலைன்னா, ஆபீசர் வந்து வீட்டோட தங்கியிருக்குற மாதிரி இருக்கு." அவன் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டான். குறை சொல்லாதவர்களை வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களும் உண்டா என்று அப்போது நினைத்தான்.

மேஸ்திரி வந்து போன மறுநாள் அவன் வேலை முடிந்து வரும்போது அக்காவின் அறைக் கதவு திறந்திருந்தது. தையல் மிஷினை ஒரு பழைய போர்வையால் சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வைத்திருந்தாள். நூல்கண்டுப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, இரண்டு துணி மூட்டை, எல்லாம் வரிசையாகச் சுவரோரம் இருந்தன.

"பழைய கஸ்டமர் ஒருத்தங்க, மாடில ரூமு சும்மா கிடக்கு, வாங்கன்னு சொன்னாங்கப்பா. செவ்வாய்க்கிழமை போயிடறேன். திங்கக்கிழமை மேஸ்திரி வரட்டும், ஓரமா ஒரு பக்கம் நான் இருந்துக்கறேன்."

"யாருக்கா உன்னைப் போகச் சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. வீடு ஒழுகுதில்ல."

அவ்வளவு அமைதியாகச் சொன்னாள். ஒரே வருடத்தில் இரண்டாவது தடவை அவள் தலைக்கு மேலிருக்கும் கூரையை இடிக்கப் போகிறார்கள். முதல் தடவை முகம் தெரியாத யாரோ இடித்தார்கள். இந்தத் தடவை தம்பி. அக்கா இந்த வீட்டைவிட்டு ஒருமுறை வெளியேறிவிட்டால் பிறகு விருந்தாளியாகத்தான் வருவாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தளம் ஒழுகாமல் இருக்க வேண்டும், அக்காவும் இருக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று மட்டும் தெரியவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறோமோ என்ற எண்ணம் இரண்டு நாளாக மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. சும்மா மழையில்லை, நின்று பெய்கிற மழை. கூடத்து வாளியில் சொட்டு விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குத் திடீரென்று தன் தொழில் புத்தி வந்தது. இருபத்தாறு வருடமாக அவன் எந்தக் கசிவையும் சுவரைத் தட்டிக் கண்டுபிடித்ததில்லை. உள்ளே போன தண்ணீர் எவ்வளவு, வெளியே வந்த தண்ணீர் எவ்வளவு, இரண்டும் ஒத்துப் போகிறதா? ஒத்துப் போகாவிட்டால் நடுவில் எங்கோ கோளாறு. இதைத்தான் ஊரெல்லாம் செய்தான். சொந்த வீட்டில் மட்டும் சிமெண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான்.

இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனான். தகரத்தின் கால்வாயிலிருந்து தண்ணீர் இறங்குகிற இடத்தில் வாளியை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தான். இவ்வளவு பெரிய மாடி, இந்த மழை, வாளி அரை நிமிடத்தில் நிறைந்து வழிய வேண்டும். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. நிறைய மூன்று நிமிடம் பிடித்தது. சுவரில் சாய்ந்து நின்று மனதுக்குள் கூட்டிப் பெருக்கினான். அந்தச் சின்னத் தகரத்தின் மேல் நேராக விழுகிற மழைக்குத்தான் இந்த மூன்று நிமிடம் சரியாக வரும். அப்படியென்றால் மாடித்தண்ணீர் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

மாடிப்படியில் ஏறினான். மேல்படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டான். மொட்டை மாடி குளமாகக் கிடந்தது. கைப்பிடிச்சுவரின் நான்கு பக்கமும் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி, அதன் மேல் மழை குதித்துக்கொண்டிருந்தது. பழைய தளம் எத்தனை நாழிதான் அதைத் தாங்கும்? எங்கெங்கே வழி கிடைத்ததோ அங்கே இறங்கியிருக்கிறது. அக்கா அறையின் சுவர் எதையும் இழுக்கவில்லை, எதையும் பிளக்கவும் இல்லை.

பாதிப் படியில், அக்கா அறையின் பக்கமாகத் திருப்பம் ஒன்று உண்டு. அங்கே நின்று கம்பியின் மேல் வயிறு பட எட்டினால் வெட்டிய குழாயின் வாய் கைக்குக் கிடைக்கும். எட்டிக் கையை விட்டான். இலைச் சருகு அடைத்திருக்கும் என்று நினைத்தவனுக்கு மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தான், வரவில்லை. தண்ணீரில் ஊறி உப்பிக் குழாயோடு இறுகியிருந்தது. குடையை விட்டெறிந்துவிட்டு இரண்டு கையாலும் திருகி இழுத்தான். பட்டென்று வந்தது. அதற்குப் பின்னாலேயே மாடித்தண்ணீர் மொத்தமும் பாய்ந்து வந்து தகரத்தில் விழுந்தது.

அந்தச் சத்தத்தை அவன் அவ்வளவு பக்கத்தில் அதற்குமுன் கேட்டதில்லை. லாரி நிறையக் கருங்கல்லை யாரோ ஓயாமல் கொட்டிக்கொண்டே இருப்பது போல இருந்தது. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் கையில் அந்தச் சாமான் இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்த்தான்.

ஒரு பை. வட்டமாக அடி வைத்து, நாலு அங்குலத்துக்கு ஒரு நூல் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் அளவெடுத்து, ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு, உள்ளே வெட்டுத்துணியை அடைத்து, பிடித்து இழுக்க ஒரு காதும் வைத்துத் தைத்த பை. இப்படித் தைக்க இந்த வீட்டில் ஒரு கைதான் உண்டு.

கீழே ஜன்னல் திறந்தது. அக்கா எட்டி மேலே பார்த்தாள். தம்பியின் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஜன்னலை மூடவில்லை.

அவன் சொட்டச் சொட்ட அவளுடைய அறைக்குள் போய் நின்றான். உள்ளே சத்தம் இன்னும் மோசம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கத்த ஆரம்பித்தால் ஒரு வசதி, மனதில் கிடப்பதும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

"இது என்னக்கா?"

"என்னப்பா?"

"இது என்னன்னு கேக்கறேன்!"

"பை!"

"எதுக்கு?"

"சத்தத்துக்குத்தான்! சின்ன மழைன்னாலும் தலைமேல விழற மாதிரி இருக்கு. ரெண்டு ராத்திரி கண்ணு மூடல. தண்ணி கசிஞ்சு கசிஞ்சு போயிடும்னு நினைச்சேன். நல்ல மழை வந்தா எடுத்துடலாம்னுதான் காது வச்சேன். எனக்கு இழுக்க வரல. ஊறிப் போச்சு."

"வீடு ஒழுகினப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அதனாலதான் ஒழுகுதுன்னு எனக்கென்ன தெரியும்? மேஸ்திரி சுவருன்னு சொன்னாரு, நீயும் தலையாட்டுன!"

"சத்தமா இருக்கு, தூங்க முடியலன்னு அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

அக்கா அவனை நேராகப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியாதாடா?"

"என்ன தெரியாதா?"

"மேஸ்திரி உன்கிட்ட கேட்டாரே. குழாயைச் சுத்திக் கொண்டுபோய் உங்க படுக்கற ரூம் ஜன்னல் பக்கமா இறக்கிடவான்னு கேட்டாரே. நீ என்ன சொன்ன? 'அங்க வேண்டாம், மழை பேஞ்சா மனுஷன் தூங்க முடியாது, தகரத்து மேலயே விட்டுருங்க'ன்னு சொன்ன. நான் செங்கல் பக்கத்துலதான்டா நின்னுக்கிட்டிருந்தேன். தெரியாம செஞ்சவன்கிட்டன்னா சொல்லலாம். தெரிஞ்சே செஞ்சவன்கிட்ட என்னத்தடா சொல்றது?"

அவன் அப்படிச் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. வார்த்தைக்கு வார்த்தை வந்தது. அக்கா அங்கே நின்றதுதான் நினைவில்லை. அவள் அங்கே நிற்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அதனால் தப்பு இல்லாமல் போய்விடுமா? தகரத்துக்குக் கீழே ஒரு ஆள் படுக்கப் போகிறாள் என்ற எண்ணமே அன்று அவன் தலைக்குள் வரவில்லை. அவளுக்காகத்தான் அறை கட்டினான், ஊரார் பாராட்டினார்கள், அவனும் தன்னைப் பாராட்டிக்கொண்டான். தன் தூக்கத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை அவள் தலையில் இறக்கியிருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் யோசிக்கலக்கா. சத்தியமா யோசிக்கல."

"அதைத்தான்டா நானும் சொல்றேன்."

அக்காவின் கண் கலங்கியிருந்தது. அப்போது மனைவி தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "என்ன சண்டை? தெரு முழுக்கக் கேக்குது!"

மீட்டர்காரன் சட்டென்று பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். இலை அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அக்காவின் மானம் போகாது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், ஈரப் பையை முதுகுக்குப் பின்னால் மறைக்க முடியாது. அது பாட்டுக்குத் தரையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது. அதைவிட, வாயை அடைத்து அடைத்து இந்த வீட்டில் சேர்ந்தது போதும் என்று அவனுக்குத் தோன்றியது. பையை முன்னால் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினான்.

"குழாயை அடைச்சது இதுதான். வச்சது அக்கா. வைக்க வச்சது நான்."

நடந்ததையெல்லாம் சொன்னான். ஜன்னல் விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னான். "நாளைக்கு மேஸ்திரி வருவாரு. எதையும் இடிக்க இல்ல. குழாயைச் சுத்திக் கொண்டுபோய் நம்ம ஜன்னல் பக்கமா இறக்க."

"வேண்டாம்ப்பா" என்றாள் அக்கா. குரல் மறுபடியும் அடங்கிப் போயிருந்தது. "வீட்டை ஒழுக வச்சுட்டு இனிமே எந்த மூஞ்சியோட நான் இங்க இருக்கறது? வர்றேன்னு அங்க சொல்லியாச்சு. செவ்வாய்க்கிழமை போறேன்."

மனைவி இருவரையும் கவனிக்கவே இல்லை. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலை நகத்தால் நெருடினாள். பிறகு அதை மேசை மேல் வைத்துவிட்டு மழையிலேயே வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் நீலத்தில் பூப்போட்ட ஒரு ரவிக்கைச் சட்டை இருந்தது. அக்கா வந்த புதிதில் அவளுக்குத் தைத்துக் கொடுத்தது.

"குழாய்க்கு இவ்வளவு கச்சிதமாத் தைச்சிருக்கீங்களே அண்ணி, எனக்கு மட்டும் ஏன் இப்படித் தைச்சீங்க? கை ரெண்டும் இறுக்குது. தூக்கினா தையல் விட்டுருமோன்னு ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டே போட்டுக்கிட்டிருக்கேன். சொன்னா உங்க மனசு நோகுமேன்னு ஏழு மாசமா சொல்லல."

மீட்டர்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நேரத்தில் சொல்கிற பேச்சா இது? அவன் கையைக் காட்டி மனைவியைத் தடுக்கப் பார்த்தான். அதற்குள் அக்கா சட்டையைப் பிடுங்கி, தோள் தையலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறுக்குதா? இறுக்காம என்ன செய்யும்? அளவு எடுக்கும்போது ஒழுங்கா நின்னியா நீ? மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கம்பம் மாதிரி நின்ன. எனக்கு என்ன ஜோசியமா தெரியும், உனக்கு நிஜத்துல எவ்வளவு தோளுன்னு?"

"நீங்க புதுசா வந்தவங்க, கூச்சமா இருந்துச்சு!"

"கூச்சப்பட்டா சட்டைதான் கெடும். இதை எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் போயிருக்கியா? நான் தைச்சதுன்னு வேற சொல்லியிருப்ப. என் பேரு என்ன ஆகறது? கையைத் தூக்கு. இன்னும் தூக்கு. மூச்சை விடு, விடுன்னு சொல்றேன்ல!"

மனைவி மூச்சை விட்டாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு. அக்கா அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் தேடினாள். அது மூட்டைக்குள் போயிருந்தது. மூட்டையை அவிழ்த்தாள். நாடாவோடு நூல்கண்டுப் பெட்டி, பெட்டியோடு கத்தரிக்கோல் வந்தது. தோளை அளந்தாள், மறுபடி அளந்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு கையையும் முழுசாப் பிரிக்கணும். கீழ உள்ள மடிச்சுத் தைச்ச துணில இருந்து அக்குளுக்கு ஒரு துண்டு வெட்டிக் குடுக்கணும். செவ்வாய்க்கிழமைக்குள்ள இது எங்க ஆகப் போகுது?"

சொல்லிவிட்டு, போர்வை சுற்றிய மிஷினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முடிச்சைத் தேடினாள். தானே போட்ட முடிச்சுதான், பிடி கொடுக்கவில்லை. கத்தரிக்கோலை உள்ளே விட்டு சணலை நறுக்கென்று வெட்டினாள். வெட்டிய கயிறு இனி எதையும் கட்ட உதவாது. மாடியில் தண்ணீர் குறைந்து, தகரத்தின் சத்தமும் பேச்சுக்கு இடம் விடும் அளவுக்கு இறங்கியிருந்தது. மீட்டர்காரன் வாசலை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். ஏதாவது சொன்னால் எல்லாம் கலைந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

அக்கா ஊசியில் நூல் கோக்க முயன்று, இரண்டு தடவை தவறவிட்டு, தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏண்டா, தூண் மாதிரி நின்னு வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டிருக்க? தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான்.